காற்றின் கண்

அவையோருக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு சொல்லோடு வந்திருக்கிறேன்: விண்டோ. நாம் சன்னல் என்கிறோமே, அதுதான். (அந்தச் சன்னலும் போர்ச்சுகீசியர் வழியாக வந்ததுதான், அவர்கள் மொழியில் ஜனேலா.)

பழைய ஆங்கிலத்தில் விண்டோ கிடையாது. அன்று அதற்குப் பெயர் ஏயக்திர்ல். ஏயக என்றால் கண், திர்ல் என்றால் துளை. கண்துளை! அந்தச் சொல் மறைந்துவிட்டது. ஆனால் அதன் துளை மறையவில்லை. மூக்குத் துவாரத்தை நாஸ்ட்ரில் என்கிறார்களே, அதன் பின்பாதியில் இருப்பது அதே திர்ல்தான்.

865ஆம் ஆண்டு ஸ்காண்டிநேவியாவிலிருந்து பெரும்படை ஒன்று இங்கிலாந்தில் இறங்கியது. கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கி நிலத்தை உழுதார்கள். அந்தக் குடியேற்றக்காரர்களின் மொழியில் விந்தவ்கா என்றொரு சொல். விந்த் காற்று, அவ்கா கண். அவர்களுடைய நீண்ட வீட்டைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். நடுவில் அடுப்பு எரிகிறது, புகைபோக்கி இல்லை, கண்ணாடியும் இல்லை. கூரையில் ஒரு திறப்பு. புகை அதன் வழியே வெளியேறும், காற்றும் வெளிச்சமும் அதன் வழியே உள்ளே வரும். அதைக் காற்றின் கண் என்றார்கள். 13ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. பிரெஞ்சு வழி வந்த ஃபெனஸ்டர் சில காலம் போட்டியிட்டுத் தோற்றது.

இன்னும் பின்னால் போவோம். விந்த், லத்தீன் வென்டுஸ், சமஸ்கிருத வாத மூன்றும் ஒரு வேரில் கிளைத்தவை. கைகால் வலிக்கு நாம் சொல்லும் வாதம் அந்த வாதமே. அவ்காவுக்கு உறவு லத்தீன் ஓகுலுஸ், சமஸ்கிருத அக்ஷி. மீனாட்சி என்ற பெயரின் கடைசியில் இருக்கும் கண் அதுதான். இதைக் கேட்டதும் ஆங்கிலம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்று சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். இரண்டும் உடன்பிறந்தவை, எழுத்தில் பதியாத ஒரு தாய்மொழியின் பிள்ளைகள்.

எனக்குச் சிலிர்ப்பூட்டுவது வேறொன்று. அந்தக் குடும்பத்தைச் சேராத தமிழ் சன்னலுக்குத் தானே ஒரு பெயர் வைத்தது: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளைச் சொல்லும்போது அதை வெறும் காலதர் என்று விடவில்லை. மானின் கண்போன்ற வடிவுடையது என்பதால், 'மான்கண் காலதர்' என்கிறது.