மெலடோனின் மாத்திரையால் குடல் புற்றுநோய் சுருங்குமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குப் பெருங்குடல் கேன்சர். ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ஹார்பரில் காலம் முழுக்க நைட் ஷிஃப்ட் பார்த்தவர். மெலடோனின் கொடுத்தால் கட்டி சுருங்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கொடுக்கலாமா சார்?"

அந்த மெசேஜ் முழுப் பொய்யும் இல்லை தம்பி, அதுதான் சிக்கல். மெலடோனின், இருட்டியதும் மூளையில் சுரக்கும் ஹார்மோன். குடலிலும் சுரக்கிறது. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த குடல் புற்று செல்களில் இதைச் சேர்த்தால் வளர்ச்சி மட்டுப்படுகிறது, சில செல்கள் செத்தும் போகின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் சேர்க்கிற அளவு, மாத்திரை போட்டால் ரத்தத்தில் ஏறுவதைவிடப் பல மடங்கு. தட்டில் சாகிற செல் எல்லாம் மனுஷனுக்குள்ளும் சாகுமென்றால் நான் எப்போதோ கிளினிக்கை மூடியிருப்பேன்.

இத்தாலியில் கீமோவோடு ராத்திரி 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், நல்ல பலன் என்றார்கள். சின்னச் சின்ன ஆய்வுகள். அப்புறம் கனடாவில் நுரையீரல் புற்றுக்கு ஆபரேஷன் ஆன 709 பேரில் ஒரு பாதிக்கு அதே 20, மறு பாதிக்கு டம்மி மாத்திரை, ஒரு வருஷம் கொடுத்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: நோய் திரும்பாமல் இருப்பதில் 2 வருஷத்தில் வித்தியாசமே இல்லை. குடல் வேறு, நுரையீரல் வேறுதான். ஆனாலும் மெலடோனின் புற்றைத் தடுக்கும் என்ற ஆசை எனக்கு அன்றே பாதி குறைந்துவிட்டது.

நைட் ஷிஃப்டுக்கும் குடல் புற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. 15 வருஷத்துக்கு மேல் மாதம் 3 ராத்திரியாவது வேலை பார்த்த அமெரிக்க நர்ஸுகளுக்குக் குடல் புற்று 35 சதவீதம் அதிகம் என்று 2003-இல் சொன்னார்கள். அதற்காக, அப்பாவுக்கு அதனால்தான் வந்தது என்றோ, மாத்திரை அதைச் சரிக்கட்டும் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லையா? கீமோ அன்று வாந்தி வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள், அது தூக்கத்தைக் கெடுக்கும். வீட்டுக்கும் அந்த மாத்திரை கொடுத்திருந்தால், காலையிலேயே போடலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். தூக்கத்துக்காக மெலடோனின் வேண்டுமென்றால் அதையும் கீமோ டாக்டரே சொல்லட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியிருந்தால், அட்டையை அடுத்த கீமோவுக்குப் போகும்போது ஃபைலோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.