எழுபதைத் தாண்டியவருக்கு ஈரலில் கட்டி

நேயர்களுக்கு வணக்கம். "அப்பாவுக்கு 78 வயசாச்சு டாக்டர், இனி கரண்டு வேற வச்சு எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?" ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்ததும் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கேட்பது இதைத்தான். அந்தக் 'கரண்டு', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை தருகிற மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன், 78 என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

கட்டி போக மிச்சமுள்ள ஈரல் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்போம். கண்ணில் மஞ்சள் ஏறியிருக்கிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, நினைவு தடுமாறுகிறதா, ரத்தத்தில் அல்புமின் எவ்வளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது? இவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஏ, பி, சி என்று பிரிப்போம். ஏ பிரிவில் இருக்கும் 80 வயதுக்காரருக்குத் தயங்காமல் சிகிச்சை தரலாம். சி பிரிவில் இருப்பவருக்கு 55 வயதே ஆனாலும், கதிரால் பெரும்பாலும் கெடுதல்தான் அதிகம்.

ஒரு காலத்தில் ஈரலுக்குக் கதிர் வைக்கவே பயந்தார்கள். கட்டியோடு நல்ல ஈரலும் வெந்துபோகும். மூளைக்கு மட்டும் செய்துவந்த துல்லியக் கதிர்வீச்சை 1990களில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் உடலுக்கும் கொண்டுவந்தார்கள். எஸ்.பி.ஆர்.டி. என்பது அதுதான். பல கோணங்களில் வரும் கதிர்கள் கட்டியில் வந்து கூடும். வழியில் உள்ள ஈரலுக்குக் கொஞ்சம்தான் படும். பெரும்பாலும் 3 முதல் 5 தடவை, அவ்வளவுதான். கத்தியும் இல்லை, பெரியவர்களுக்கு மயக்க மருந்தும் தேவைப்படாது. இதய நோயால் ஆபரேஷன் தாங்காதவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் கட்டி இரைப்பையையோ குடலையோ ஒட்டியிருந்தால் யோசிப்போம்.

சிக்கல் மூச்சில்தான் இருக்கிறது. மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் ஈரல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் போய்வரும். அதனால் வயிற்றை இதமாக அழுத்திப் பிடிக்கிற பட்டை கட்டுவோம், இல்லையென்றால் சில நொடிகள் மூச்சைப் பிடிக்கச் சொல்வோம். வெளியே மகன், "என்ன நோய்னு அப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவார். எதற்கு என்றே தெரியாதவர் எப்படி ஒழுங்காக மூச்சைப் பிடிப்பார்? பால்வெட்டுக்கு விடியுமுன்னே ரப்பர் தோட்டத்துக்குப் போய் வாழ்ந்த மனிதர், உண்மையைச் சொன்னால் தாங்குவார் என்பது என் எண்ணம்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஆர்.டி.ஓ.ஜி. 1112 என்ற ஆய்வில், முற்றிய கட்டி உள்ளவர்களில் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பாதிப்பேர் 12.3 மாதத்தைத் தாண்டி உயிரோடு இருந்தார்கள். முதலில் இந்தக் கதிரும் வைத்துக்கொண்டவர்களில் பாதிப்பேர் 15.8 மாதத்தைத் தாண்டினார்கள். கட்டி சின்னதாக, ஆரம்ப நிலையில் இருந்தால் கணக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

சிகிச்சை முடிந்தபின் சோர்வு, குமட்டல் வரலாம். ஈரல் பாதிப்பு சில வாரம் கழித்தும் தலைகாட்டும். அதனால் முதல் மூன்று மாதம் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அடுத்த ஸ்கேனில் கட்டி அதே அளவில் இருந்தால் பதறவும் வேண்டாம், சுருங்க மாதக்கணக்கில் ஆகும்.

திருவனந்தபுரம் போனாலும் நாகர்கோவில் போனாலும், ரிப்போர்ட் காகிதத்தோடு ஸ்கேன் சி.டி.யையும் எடுத்துப் போங்கள். கீழாநெல்லி உட்பட அவர் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் சொல்லுங்கள். உங்கள் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில், இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று பஸ் ஏறும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்.