ஆலிவ் தோப்பில் இருப்பது எத்தனை மரம்?

அனைவருக்கும் வணக்கம்.

இத்தாலியின் தெற்குக் கோடியில் பூலியா என்றொரு மாநிலம். அங்கே காலிபோலி ஊரைச் சுற்றியுள்ள தோப்புகளில் ஆலிவ் மரங்கள் கிளைநுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தன. 2013-இல் காரணம் தெரிந்தது: சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா. அது மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் பெருகி அடைத்துவிடுகிறது. சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. பல நூற்றாண்டு கண்ட மரங்கள் லட்சக்கணக்கில் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின.

பூச்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வட்டாரத்தில் பெரும்பாலும் இரண்டே ரகங்கள்தாம் இருந்தன: ஒலியரோலா சலெண்டினா, செல்லீனா தி நார்தோ. இரண்டுமே இந்த நோயைத் தாங்காதவை. ஆலிவை விதை போட்டு யாரும் தோப்பு வைப்பதில்லை. மாங்கொட்டை முளைத்து வளர்ந்த மரம் தாய்மரத்துப் பழத்தையே தரும் என்று நம்ப முடியாததால் நாம் ஒட்டுக்கன்று வாங்குகிறோம் அல்லவா, அதே காரணம்தான். போத்து வெட்டி நடுவார்கள், இல்லையென்றால் காட்டு ஆலிவின் மேல் ஒட்டுக் கட்டுவார்கள். கண்ணுக்கு ஆயிரம் மரம். மரபணுவைப் பார்த்தால் ஒன்றோ இரண்டோ.

இத்தனைக்கும் ஆலிவ் மரபணு வகையில் ஏழையான பயிரல்ல. சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் மனிதர் கைக்கு வந்த மரம், மேற்கே பரவிய வழியெல்லாம் அந்தந்த ஊர்க் காட்டு ஆலிவோடு கலந்தது. தன் மகரந்தத்தில் தானே காய் பிடிப்பது இதில் குறைவு. அதனால் விதை ஒவ்வொன்றும் ஒரு புதுச் சேர்க்கை. பெயர் சூட்டப்பட்ட ரகங்களே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆனால் மொராக்கோவைப் பாருங்கள்: ஆலிவ் பரப்பில் மிகப் பெரும்பகுதியை பிச்சோலின் மரோக்கேன் என்ற ஒரே ரகம் பிடித்து வைத்திருக்கிறது.

சரி, புது ரகம் உருவாக்கலாமே என்பீர்கள். ஆலிவ் விதைக்கன்று முதல் பூ விட பத்துப் பதினைந்து வருடம் ஆகும். எந்த ஆராய்ச்சியாளருக்கு அவ்வளவு பொறுமை? ஸ்பெயினின் கோர்டோபாவில் 1990-களின் தொடக்கத்தில் இதைக் கையிலெடுத்தார்கள். கன்றுகளைப் பசுங்குடிலில் இடைவிடாத வெளிச்சத்தில் வைத்து வேகமாக உயர்த்தி, அந்தக் காலத்தை மூன்று நான்கு வருடங்களாகச் சுருக்கினார்கள். பிக்குவால், அர்பெக்கினா என்ற இரண்டு ரகங்களை இணைத்து அவர்கள் எடுத்த சிக்கிட்டிட்டா என்ற புது ரகம் குட்டையான மரம். ஹெக்டேருக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நெருக்கி நட்டு, வேலி போல வளர்த்து, இயந்திரத்தை மேலே ஓட்டி அறுவடை செய்யலாம். நல்ல சாதனைதான். ஆனால் இந்த நெருக்க நடவு உலகம் முழுக்க அர்பெக்கினா, அர்போசானா, கொரொனெய்க்கி என்று நாலைந்து ரகங்களை நம்பியே ஓடுகிறது என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

பூலியாவுக்கு வருவோம். காய்ந்த தோப்புகளுக்கு நடுவே பசுமையாக நின்றவை லெச்சினோ, எஃப்எஸ்-17 என்ற இரண்டு ரகங்கள். பாக்டீரியா அவற்றுக்குள்ளும் நுழைகிறது, ஆனால் அவ்வளவு பெருகுவதில்லை. இந்த நோய்க்காக யாரும் அவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை. லெச்சினோ டஸ்கனிப் பக்கத்துப் பழைய ரகம். மறுநடவுக்கு முதலில் அனுமதி கிடைத்ததும் இந்த இரண்டுக்குத்தான். அவசரத்துக்கு அது சரி. ஆனால் மறுபடியும் இரண்டே ரகத்தில் ஒரு நிலப்பரப்பையே நிரப்பினால், அடுத்து வரும் நோய்க்கு என்ன பதில் சொல்வது?

அப்புறம்தான் ஆய்வாளர்கள் வரப்போரங்களில் தேடினார்கள். நோய் சூழ்ந்த இடத்திலும் அறிகுறி இல்லாமல், தானாக முளைத்த காட்டுக் கன்றுகள் கிடைத்தன. சிலவற்றின் மரபணுவைச் சோதித்தபோது லெச்சினோ பெற்றோராக இருந்தது தெரிந்தது. யாரும் நடாத, யாரும் நீர் ஊற்றாத கன்றுகள் அவை. ஒழுங்கான தோட்டக்காரர் என்றால் களை என்று வெட்டியிருப்பார்.

எனவே என் கோரிக்கை இதுதான். புது ரகத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, பழைய மரங்களைக் காப்பதற்கான செலவையும் அதே கணக்கில் சேருங்கள். கோர்டோபாவில் 1970 முதல் உலக ரகங்களின் தொகுப்பு இருக்கிறது. மொராக்கோவின் மராகேஷிலும் துருக்கியின் இஸ்மிரிலும் தொகுப்புகள் உண்டு. அவை பெட்டியில் பூட்டிய விதைகள் அல்ல, மண்ணில் நிற்கும் மரங்கள். அங்கேயும் நோய் வரலாம். அதனால்தான் ஒவ்வொரு ரகமும் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் தொகுப்புகளில் நின்றாக வேண்டும்.