கையில 80 டாலர் மட்டும் மிஞ்சின முன்னாள் அமெரிக்க அதிபர்: அவர் எழுதின புத்தகத்தை எப்படிப் படிக்கிறது?

[திரையில்: வால் ஸ்ட்ரீட், பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

1884, மே 6, செவ்வாய்க்கிழமை. ரெண்டு தடவை அமெரிக்க அதிபரா இருந்தவர், உள்நாட்டுப் போர்ல வடக்குப் படையை ஜெயிக்க வச்ச தளபதி, நியூயார்க்ல தன்னோட கம்பெனி ஆபீசுக்குள்ள நுழையறாரு. கம்பெனி திவாலாயிடுச்சுன்னு மகன் சொல்றாரு. அன்னைக்கு வீட்டுல மிஞ்சினது, அவர் கையில 80 டாலர், மனைவி ஜூலியா கையில 130 டாலர்.

அவர் பேரு யுலிசிஸ் எஸ். கிராண்ட். அடுத்த வருஷம் ஜூலை 23-ல அவர் இறந்துபோறாரு. அதுக்குள்ள தொண்டைப் புற்றுநோயோட ரெண்டு தொகுதி தன்வரலாறு எழுதி முடிக்கிறாரு. அரசியல்வாதி வாழ்க்கை, பணம், அமெரிக்க வரலாறு, இந்த மூணையும் எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்னு கேட்டா, நான் இந்தப் புத்தகத்தைத்தான் கையில கொடுப்பேன். ஆனா இதைத் தனியா படிச்சா பாதிதான் கிடைக்கும். அது ஏன்னும் சொல்றேன்.

போர்ப் பின்னணி ஒரே வரியில: 1861-லேருந்து 1865 வரைக்கும், அடிமைமுறையைக் காப்பாத்தப் பிரிஞ்சுபோன தென்மாநிலங்களோட வடக்கு நடத்தின போர், அதுல வடக்கு ஜெயிச்சது. சரி, இப்போ பணத்துக்கு வருவோம்.

[திரையில்: 'கிராண்ட் அண்ட் வார்ட்']

கம்பெனியை நடத்தினவர் ஃபெர்டினாண்ட் வார்ட். கிராண்டோட மகன் அவரோட கூட்டாளி. கிராண்டும் சேர்ந்துக்கிட்டாரு, ஆனா கணக்கு பார்க்கல. நீட்டின காகிதத்துல கையெழுத்துப் போட்டாரு.

வார்ட் செஞ்சது ரெண்டு வேலை. முதல் வேலையைக் கவனமா கேளுங்க. நீங்க நகைக்கடன் வாங்குறீங்க. அடகு பிடிச்சவர் உங்க நகையை எடுத்துட்டுப் போய், தன் பேர்ல இன்னொரு கடையில வச்சு, உங்களுக்குக் கொடுத்ததை விட அதிகமா கடன் வாங்குறாரு. நகைக்குப் பதிலா பங்குப் பத்திரம், பாண்டுன்னு வச்சுக்கிட்டா அதுதான் வார்ட். வாடிக்கையாளர்கள் ஈடா வச்ச பத்திரங்களையே திரும்பத் திரும்ப அடகு வச்சாரு. இதுக்கு மறு அடமானம்னு பேரு. மறு அடமானம் முறையா, வரம்புக்குள்ள இன்னைக்கும் நடக்குது. தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா, ஒரே பத்திரத்தை நம்பி ரெண்டு மூணு கடன் நிக்கும்போது. எல்லாரும் சும்மா இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஒருத்தர் வந்து "கடனைக் கட்டிட்டேன், என் பத்திரத்தைக் கொடுங்க"ன்னு கேட்டா, அதை மீட்க இன்னொருத்தர் பத்திரத்தை அடகு வைக்கணும். ஒவ்வொரு சுத்துக்கும் ஓட்டை பெரிசாகும்.

ரெண்டாவது வேலை, புதுசா வர்ற பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்கு லாபம்னு கொடுக்கிறது. இதே மாதிரி மோசடி செஞ்ச சார்லஸ் பான்சி பேர் பிரபலமானது 1920-ல. வார்ட் அதுக்கு 36 வருஷம் முன்னாடியே விழுந்துட்டாரு. அவர் சொன்ன பொய்யோட வடிவத்தைப் பாருங்க, எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய ஆச்சரியம் அதுதான். "எங்ககிட்ட அரசாங்க கான்ட்ராக்ட் இருக்கு, வெளியில சொல்லாதீங்க"ன்னு முதலீட்டாளர்கள்கிட்ட சொல்லிவச்சாரு. முன்னாள் அதிபர் செல்வாக்குல கான்ட்ராக்ட் வாங்கினதா வெளியில தெரிஞ்சா அசிங்கம், அதனால யாரும் போய் விசாரிக்கல. கான்ட்ராக்டே கிடையாது! அரசாங்க கான்ட்ராக்ட் கூடவே கூடாதுன்னு கிராண்ட் கண்டிப்பா சொல்லியிருந்ததும் அவங்களுக்குத் தெரியாது.

மே 4, ஞாயிற்றுக்கிழமை, வார்ட் கிராண்ட் வீட்டுக்கு வர்றாரு. நம்ம பணம் இருக்கிற மரைன் நேஷனல் பேங்குக்கு நெருக்கடி, உடனே 1,50,000 டாலர் வேணும்கிறாரு. கிராண்ட் நேரா ரயில்வே அதிபர் வில்லியம் வாண்டர்பில்ட் வீட்டுக்குப் போறாரு. அவர் செக் எழுதிக் கொடுக்கிறாரு, பேங்குக்காக இல்ல, கிராண்டுக்காகன்னு. செவ்வாய்க்கிழமை பேங்கும் கம்பெனியும் சேர்ந்தே மூழ்கிடுச்சு. வாண்டர்பில்ட் பணத்தைத் திருப்பிக் கேட்கல. கிராண்ட் விடல. சொத்துகளையும், போர்ல கிடைச்ச வாள்களையும், பதக்கங்களையும் அவர் பேருக்கே எழுதிக் கொடுத்துட்டாரு. அந்த நினைவுப் பொருட்களைப் பிறகு வாண்டர்பில்ட் நாட்டுக்கே கொடுத்தாரு.

ஓய்வூதியம் இல்லையான்னு கேட்பீங்க. அதிபர் ஆகிறதுக்காக ராணுவப் பதவியை விட்டதால அதுவும் போயிடுச்சு. முன்னாள் அதிபர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் வந்ததே 1958-லதான்.

[திரையில்: 10%, 70%]

அதனாலதான் எழுத உட்கார்ந்தாரு. 'செஞ்சுரி' பத்திரிகை போர்க் கட்டுரைகள் கேட்டது, ஒண்ணுக்கு 500 டாலர். புத்தகமா போட 10 சதவீத ராயல்டின்னு சொன்னாங்க. அங்கதான் எழுத்தாளர் மார்க் ட்வைன் வர்றாரு. அவருக்குச் சொந்தமா பதிப்பகம் இருந்தது. நிகர லாபத்துல 70 சதவீதம் தர்றேன்னாரு. அது எப்படிக் கட்டுப்படியாச்சு? புத்தகத்தைக் கடைக்கே அனுப்பல. வீடு வீடா போய் முன்பதிவு வாங்குற ஏஜென்ட்கள், அதுல நிறையப் பேர் வடக்குப் படையில இருந்த முன்னாள் சிப்பாய்கள். துணி அட்டைக்கு ஒரு விலை, தோல் அட்டைக்கு ஒரு விலை. எத்தனை பிரதி விக்கும்னு அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே கணக்கு வந்துடும், விக்காத பிரதி குடோன்ல தேங்காது. 3 லட்சம் செட் வித்தது. 1886, பிப்ரவரி 27-ல ஜூலியாவுக்கு வந்த முதல் செக் மட்டும் 2,00,000 டாலர். மொத்தம் 4 லட்சத்தைத் தாண்டுச்சு. வெறும் சதவீதக் கணக்கு ஒரு குடும்பத்தைக் காப்பாத்தினதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ட்வைன்தான் எழுதிக் கொடுத்தாருன்னு ஒரு வதந்தி இன்னைக்கும் சுத்துது. நம்பாதீங்க. கிராண்ட் கையெழுத்துப் பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துல இருக்கு.

[திரையில்: ரெண்டு தொகுதிகள்]

இப்போ எப்படிப் படிக்கிறது? ரெண்டு தொகுதி சேர்த்து 70 அத்தியாயம். காப்புரிமை முடிஞ்சதால குட்டன்பர்க் தளத்துல இலவசமா இருக்கு. அடிக்குறிப்பு வேணும்னா எலிசபெத் சாமெட் பதிப்பு, 2018.

முதல் அத்தியாயத்தை விடாதீங்க. எட்டு வயசுப் பையன் கிராண்ட் ஒரு குதிரைக்குட்டி வாங்கப் போறாரு. விக்கிறவர்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? "அப்பா முதல்ல 20 டாலர் கேட்கச் சொன்னாரு, ஒத்துக்கலைன்னா இருபத்திரண்டரை, அதுக்கும் ஒத்துக்கலைன்னா 25." என்ன விலைக்கு முடிஞ்சிருக்கும்னு உங்களுக்கே தெரியும். இந்தப் பக்கத்தையும் வார்ட் கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க.

மெக்சிகோ போர்ப் பகுதியில நிறையப் பேர் நின்னுடுறாங்க. மூணாவது அத்தியாயம் கட்டாயம் படிங்க, அந்தப் போரே அநியாயம்னு அதுல போராடின அவரே சொல்றாரு. மத்ததை வேகமா புரட்டலாம். பிறகு 24, 25-ஆம் அத்தியாயங்கள், ஷைலோ சண்டை. முதல் தொகுதியோட கடைசிப் பகுதி, விக்ஸ்பர்க் முற்றுகை. அங்க மிசிசிப்பி ஆத்து மேப் பக்கத்துல இல்லாம படிக்காதீங்க, ஒண்ணுமே புரியாது.

எல்லாரும் குழம்புற ஒரு இடம் இருக்கு. வடக்கு தன் படைகளுக்கு ஆத்துப் பேர் வச்சது, தெற்கு பெரும்பாலும் மாநிலப் பேர் வச்சது. டென்னசிங்கிறது ஆறும்தான், மாநிலமும்தான். ஆங்கிலத்துல 'ஆர்மி ஆஃப் தி டென்னசி'ன்னா கிராண்டோட படை. 'தி' இல்லாம 'ஆர்மி ஆஃப் டென்னசி'ன்னா எதிரிப்படை. ஒரு 'தி'யைத் தவறவிட்டா போரே தலைகீழாயிடும்!

இப்போ முக்கியமான குறை. எட்டு வருஷ அதிபர் பதவி இதுல இல்ல. 1869 செப்டம்பர் 24, ஜே கூல்ட், ஜிம் ஃபிஸ்க்ங்கிற ரெண்டு வால் ஸ்ட்ரீட் ஆளுங்க தங்கத்தை வாங்கிக் குவிச்சு, சந்தையை வளைக்கப் பார்த்தாங்க. கிராண்டோட தங்கை கணவரையே கைக்குள்ள போட்டிருந்தாங்க. கருவூலம் 40 லட்சம் டாலர் தங்கத்தை விக்கப்போறோம்னு சொன்னதும் விலை சரிஞ்சுது. அதைப் பத்தி ஒரு வரி கிடையாது. 1862-ல தன் ராணுவப் பகுதியிலேருந்து யூதர்களை வெளியேத்தச் சொல்லி அவர் போட்ட உத்தரவும், லிங்கன் அதை ரத்து செஞ்சதும் இல்ல. குடிப்பழக்கமும் இல்ல. இதுக்கெல்லாம் ரான் செர்னோ எழுதின 'கிராண்ட்', 2017, படிங்க. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தன்வரலாறு விட்ட வருஷங்களிலேருந்து ஆரம்பிங்க. வார்டைப் பத்தி ஜெஃப்ரி வார்ட் 2012-ல ஒரு புத்தகம் எழுதினாரு. அவர் அந்த ஃபெர்டினாண்டோட கொள்ளுப்பேரன். சொந்தக் குடும்பத்து மோசடியை இவ்வளவு நேர்மையா எழுத முடியும்னு நான் நினைக்கல.

எல்லாத்துக்கும் நேரமில்லைன்னா இன்னைக்கு ராத்திரி ஒரே அத்தியாயம், 67. தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீ, கிராண்ட்கிட்ட சரணடையறாரு. லீ புது உடுப்புல, கிராண்ட் சாதாரண சிப்பாய் சட்டையில. எங்க குதிரைவீரர்களோட குதிரை அவங்க சொந்தக் குதிரைன்னு லீ சொல்றாரு. இவங்க நிறையப் பேர் சின்ன விவசாயிகளா இருப்பாங்க, குதிரை இல்லாம அடுத்த விதைப்புக்கு வழியில்லைன்னு கிராண்டே யோசிச்சு, ஓட்டிட்டுப் போக விட்டுடுறாரு. படிச்சுட்டு, உங்களுக்குப் பிடிச்ச வரி எதுன்னு கமெண்ட்ல எழுதுங்க.