கல்வெட்டு சொல்லாமல் விட்டது

அனைவருக்கும் வணக்கம்.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் ராஜராஜ சோழனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று. படித்தால் நிலப் பத்திரம் போலத்தான் இருக்கும். நடுவே, போகிற போக்கில் அந்தச் செய்தி வருகிறது: கரிகால சோழனை, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகள் சோமன், ரவிதாசன், பரமேசுவரன். எங்கே கொன்றார்கள், எப்படி, ஏன்? ஒரு சொல் கிடையாது.

வரலாற்று ஆய்வாளர் அங்கே நின்றுவிட வேண்டியதுதான். நாவலாசிரியருக்கு வேலையே அங்கேதான் ஆரம்பம்.

கொன்றது யார், கொல்லச் சொன்னது யார் என்றே எல்லோரும் தேடுகிறோம். என் மனம் நிற்பது அடுத்த வரிகளில். அந்தக் கொலைக்காக அரசாணைப்படி சொத்தை இழக்கிறவர்கள் யார் யார் என்று கல் உறவுகளை அடுக்குகிறது. தம்பிமார், பிள்ளைகள், மாமன்மார், அவர்கள் வீட்டில் பெண் எடுத்தவர்கள் வரை. பெரும்பாலும் உறவுமுறை மட்டும்தான், பெயர் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவே உத்தம சோழனின் ஆட்சி முழுதாக வந்து போய்விட்டது. அப்படியென்றால், கொலை நடந்தபோது ஐந்து வயதாக இருந்த ஒரு பெண் இப்போது கல்யாணமாகி இன்னொரு வீட்டில் இருப்பாள். அந்த வீடும் போகிறது. அவள் புருஷன் அவளிடம் என்ன கேட்டிருப்பான்? "உனக்குத் தெரியுமா?" என்றா? எனக்கு இது அரண்மனைச் சதியைவிடப் பெரிய கதை.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதற்கு நேர்மாறு. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த பெண்கள், 400 பேரின் பெயரும், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும் கல்லில் இருக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். சரி, சொந்த ஊரை விட்டு வந்தவள் வந்த அன்று இரவு புது வீட்டில் தூங்கினாளா? கல்லுக்கு அது தேவையில்லை. நமக்குத் தேவை.

அதற்காக இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. கதைக்கு வசதி என்று ராஜராஜனை முன்னதாகவே பட்டத்தில் ஏற்றினால், அப்புறம் வீட்டை இழக்கிற அந்தப் பெண்ணின் கண்ணீரையும் வாசகர் நம்பமாட்டார். சின்ன விஷயங்களிலும் அப்படித்தான். போர்ச்சுகீசியர் வருவதற்கு ஐந்நூறு ஆண்டு முந்தைய அடுப்பங்கரை அது. மிளகாய் கிடையாது.

அவள் மிளகுதான் இடித்துக்கொண்டிருந்திருப்பாள். உரலில் பாதி இடித்தபடி கிடக்கிறது. வாசலில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் (இந்த ஊருக்கு அன்று அதுதான் பெயர்) ஓலையோடு வந்து நிற்கிறார்கள். உலக்கையைக் கையிலிருந்து கீழே வைக்காமலே அவள் எட்டிப் பார்க்கிறாள்.