கர்ப்ப காலத்துக்குப் பெரிய சைஸ் வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். திண்டுக்கல்லில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். கர்ப்பமாக இருக்கும்போது என்ன உடுத்துவது, எப்போது வாங்குவது என்று பேசக் கூப்பிட்டார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு கிடையாது. நம் வீடுகளில் பிள்ளை உண்டானால் சாப்பாடு, மாத்திரை, ஸ்கேன் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். துணிமணி என்று வந்தால் மட்டும், "ரெண்டு சைஸ் பெரிசா எடுத்துக்கோம்மா" என்பதோடு முடிந்தது.

அந்த ரெண்டு சைஸ் பெரிய துணிதான் தொல்லையே. கர்ப்பத்தில் மார்பு வளரும், வயிறு வளரும். தோள் அகலமாகுமா? ஆகாது. மீடியம் போடுகிற பெண் டபுள் எக்ஸ்எல் நைட்டி எடுத்தால் தோள்பட்டை கைக்கு இறங்கும், கழுத்து ஒரு பக்கம் சரியும், கீழே துணி காலில் புரளும். ஏழு, எட்டு மாதத்தில் குனிந்தால் தன் பாதமே தெரியாது, உடம்பின் பாரமும் முன்னால் வந்திருக்கும். அந்த நேரத்தில் மாடிப்படி இறங்கும்போது துணி காலில் மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் தோளுக்குச் சரியான அளவு, வயிற்றுக்கு இடம், இப்படிப் பார்த்து வாங்க வேண்டும். மார்புக்குக் கீழே ஒரு வெட்டு வைத்து அங்கிருந்து சுருக்கம் விட்ட டாப்ஸ் நல்லது. தைப்பதாக இருந்தால் முன்பக்கம் நடுவில் ஒன்றரை, இரண்டு அங்குலம் நீளம் கூட்டி வெட்டச் சொல்லுங்கள். வயிறு துணியை மேலே தூக்குமே, அதற்குத்தான். இல்லாவிட்டால் முன்னால் ஏறியும் பின்னால் இறங்கியும் நிற்கும்.

எப்போது வாங்குவது? தெரிந்த அன்றைக்கே கடைக்கு ஓட வேண்டாம். 12 வாரம் வரைக்கும் கருப்பை இடுப்பெலும்புக்குள்ளேயேதான் இருக்கிறது, 20 வாரத்தில்தான் தொப்புள் உயரத்துக்கு வருகிறது. முதல் பிள்ளைக்கு வயிறு தெரிய நாளாகும், இரண்டாவதுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். நாலாம் மாதம் முடியும்போது இரண்டு மூன்று எடுங்கள், மிச்சத்தை ஏழாம் மாதத்தில் உடம்பைப் பார்த்து எடுக்கலாம். ஆனால் ஜாக்கெட் அதுவரை காத்திருக்காது, மார்புதான் முதலில் மாறும். புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள் உள்ளே துணி தாராளமாக விட்டு, பக்கத்தில் மூன்று தையல் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் அரை அங்குலத்துக்கு ஒரு தையல் பிரித்தால் சுற்றளவில் இரண்டு அங்குலம் கிடைக்கும். பிள்ளை பிறந்து உடம்பு வடிந்த பிறகு அதே தையலை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

சரி, இப்போது பாவாடை நாடாவுக்கு வருகிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் புடவை கட்டுகிறவர்கள் இடுப்பைத் தொட்டுப் பாருங்கள், நாடா இருக்கிற இடத்தில் ஒரு தடம் இருக்கும். கர்ப்பத்தில் வியர்வையும் கூடும், தோலும் இழுபடும். அந்தத் தடம் அரித்துப் புண்ணாக ரொம்ப நாள் வேண்டாம்.

ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஆறாம் மாதத்தில் ஜாக்கெட் பிரித்துவிட வந்தாள். அளவெடுக்கும்போது பார்த்தால் அடிவயிற்றைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. "ஏம்மா, கொஞ்சம் லூசாக் கட்டக் கூடாதா?" என்று கேட்டேன். "லூசாக் கட்டுனா போர்டுல எழுதக் கையத் தூக்கும்போது கொசுவம் நழுவுது அக்கா, பிள்ளைங்க முன்னாடி எப்படி நிக்கிறது?" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தானே! வழுக்குகிற சிந்தெடிக் புடவை வேறு. லூசாகக் கட்டு என்று சொன்னால் மட்டும் போதாது, நழுவாமல் நிற்பதற்கு வழி பண்ணித் தர வேண்டும். அவள் பாவாடையில் நாடாப் பட்டியோடு மேலே ஒரு சாண் துணியை வெட்டி எடுத்துவிட்டு, திருப்பூர் பனியன் துணியில், நன்றாக இழுபடுகிற ரிப் துணியில், இரட்டையாக மடித்து அகலப் பட்டி தைத்துச் சேர்த்தேன். அது வயிற்றை முழுக்க மூடி மார்புக்குக் கீழே வரைக்கும் வரும். பிடிப்பு ஒரே கோட்டில் விழாமல் வயிறு, முதுகு எல்லாவற்றிலும் பரவி நிற்கும், கொசுவத்தை அதற்குள் சொருகி ஒரு ஊக்கு குத்தினால் அசையாது. "நாடா இல்லாத பாவாடையா, நிக்குமா?" என்று அவளுடைய மாமியார் சந்தேகப்பட்டார். லீவு போடும் வரைக்கும் அவள் அதைத்தான் கட்டினாள். அப்புறம் மாமியாரே வந்து தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டு போனார்.

இது கர்ப்பத்தோடு போகிற விஷயமும் இல்லை. வருடக்கணக்காக இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதால் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயான இரண்டு வயதான பெண்களைப் பற்றி 2024-ல் நம் நாட்டு மருத்துவர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். அபூர்வமாக வருவதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் நாடாவை அகலமாக்குங்கள். திரும்பவும் சொல்கிறேன், அகலமான பட்டி. லெக்கின்ஸ் போடுகிறவர்களுக்கும் இதேதான், வயிற்றை மூடுகிற அகலப் பட்டி வைத்ததாகப் பார்த்து எடுங்கள்.

துணி பருத்திதான். எங்கள் பக்கம் சின்னாளபட்டியில் கிடைக்கிற சுங்குடி, இரண்டு மூன்று தரம் துவைத்துக் கஞ்சி போன பிறகு அவ்வளவு சுகமாக இருக்கும். காற்றும் போகும், கொசுவமும் வழுக்காது. கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி ஏற்றிச் சொருகுங்கள்.

நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். உள்ளாடை பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பி வைத்த பிரா வேண்டாம். பின்னால் மூன்று வரிசை கொக்கி இருக்கிறதாக எடுத்து, உள் வரிசையில் ஆரம்பித்தால் விலா விரிய விரிய வெளியே போகலாம். பால் கொடுக்கிற நைட்டி என்று தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை, இருக்கிற நைட்டியில் மார்புத் தையல் ஓரம் இரண்டு ஜிப் வைத்துத் தர எந்தத் தையல் கடையிலும் முடியும். வளைகாப்புப் பட்டுக்கு ஜாக்கெட் அளவை அந்த வாரமே எடுங்கள், மூன்று மாதம் முன்னால் கொடுத்த அளவு செல்லாது. ஆஸ்பத்திரிப் பையில் முன்பக்கம் திறக்கிற அடர் நிற நைட்டி மூன்றைத் துவைத்து வையுங்கள். வீட்டுக்குத் திரும்பும் நாளுக்கென்று பழைய சுடிதாரை எடுத்து வைக்காதீர்கள். பிள்ளை பிறந்த உடனே வயிறு வற்றிவிடாது, ஐந்தாறு மாத வயிறு போல இருக்கும், அந்த மாதத்தில் போட்டது எதுவோ அதையே வையுங்கள். நன்றி, வணக்கம்.