விலகி நிற்கும் கணம்: காட்டிலிருந்து வந்த மட்டக்குதிரைக் குட்டியைப் பழக்குதல்

[காட்சி: இலையுதிர்காலக் காலை. பனிமூட்டத்தினூடே புதர்வெளியில் மட்டக்குதிரைகள் மேய்கின்றன.]

இங்கிலாந்தின் தெற்கில், பெரும்பகுதி ஹாம்ப்ஷைருக்குள் அடங்கிய நியூ ஃபாரஸ்ட், பெயரில் மட்டுமே புதியது. 1079ஆம் ஆண்டுவாக்கில் முதலாம் வில்லியம் மன்னர் தம் வேட்டைக்கென ஒதுக்கிக்கொண்ட அந்த நிலத்தில், காடும் சதுப்பும் புதர்வெளியும் கலந்த பரப்பில், இன்றும் ஆயிரக்கணக்கான மட்டக்குதிரைகள் வேலியின்றி மேய்கின்றன. பார்ப்பதற்குக் காட்டு விலங்குகளைப் போல இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் உடைமையாளர் உண்டு. வீட்டோடும் நிலத்தோடும் சேர்ந்துவரும் மேய்ச்சல் உரிமையைப் பெற்ற அவர்களைக் காமனர்கள் என்கிறார்கள். அஜிஸ்டர்கள் எனப்படும் கண்காணிப்பாளர்கள், மேய்ச்சல் கட்டணம் செலுத்தப்பட்டதற்கு அடையாளமாகக் குதிரையின் வால்முடியை ஒரு குறிப்பிட்ட வடிவில் கத்தரித்துவிடுகிறார்கள். ரசீதை வாலிலேயே சுமந்து திரியும் குதிரைகள் என்று இவற்றைச் சொல்லலாம்.

கோடையின் கடைசியில் தொடங்கி இலையுதிர்காலம் முழுவதும், டிரிஃப்ட் என்று அவர்கள் அழைக்கும் வளைப்பு நடக்கிறது. குதிரையேறிய காமனர்களும் அஜிஸ்டர்களும் கூட்டங்களைத் துரத்திவந்து மரப்பட்டிகளுக்குள் அடைக்கிறார்கள். வசந்தத்தில் பிறந்து ஏறத்தாழ ஆறு மாதமே ஆன குட்டிகளில் விற்பனைக்கு உரியவை தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, ப்யூலி ரோடு என்ற இடத்திலுள்ள ஏலக்களத்துக்குச் செல்கின்றன. அங்கிருந்து யாரோ ஒருவரின் லாயத்துக்கு வந்து இறங்கும் ஒரு குட்டியின் முதல் சில வாரங்களைப் பற்றியதே இந்த வீடியோ.

[காட்சி: லாயத்தின் பின்சுவரோடு ஒட்டி, தலையை உயர்த்தி நிற்கும் குட்டி. கண்ணின் வெண்பகுதி தெரிகிறது.]

இந்தக் குட்டியை முரட்டுக் குட்டி என்றோ கெட்ட குணம் என்றோ சொல்வதற்கு முன்னால், அதன் கணக்கை நாம் ஒருமுறை பார்க்க வேண்டும். பிறந்தது முதல் அதன் உடலில் எந்த மனிதக் கையும் பட்டதில்லை. பின்னர் மனிதர்கள் வந்தார்கள், ஓட வேண்டியிருந்தது. மறுபடி வந்தார்கள், தாய் காணாமல்போனது. இன்னொரு முறை வந்தார்கள், ஒலிபெருக்கி அலறும் வளையத்துக்குள் சுற்றிவர வேண்டியிருந்தது. கடைசியாக இருட்டான டிரெய்லருக்குள் ஏற்றப்பட்டு, தரையே அசையும் ஒரு பயணத்துக்குப் பின் அறிமுகமில்லாத சுவர்களுக்கு நடுவே இறக்கப்பட்டது. மனிதன் நெருங்கினால் ஏதோ ஒன்று பறிபோகும் என்பதே அது கற்றுக்கொண்ட பாடம். அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பாடத்தில் பிழையே இல்லை. மனிதன் நெருங்கி வந்தான், எதையும் எடுக்காமல் திரும்பிப் போனான் என்ற எதிர் அனுபவத்தைப் பலமுறை கொடுப்பதுதான் இனி நம்முடைய வேலை.

அதற்கு முன் தங்குமிடத்தைச் சரிசெய்ய வேண்டும். மனிதக் கைபடாத குட்டி பயத்தில் வேலியைத் தாண்ட முயலும். ஆகவே முதல் நாட்களுக்கு, விசாலமான லாயமோ, உயரமான உறுதியான அடைப்புள்ள சிறு முற்றமோ தேவை. தண்ணீரை அகலமான தொட்டியில் தரைமட்டத்தில் வைப்பது நல்லது, ஏனெனில் ஓடையில் குனிந்து குடித்த விலங்குக்குச் சுவரில் பொருத்திய தானியங்கித் தொட்டி என்னவென்றே புரியாமல் போகலாம். தண்ணீர் உண்மையில் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். காய்ந்த புல்லையும் தரையில் போடலாம். தாழக் கட்டிய வலைப்பையில் குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. குதிரையின் இரைப்பை அமிலத்தை இடைவிடாமல் சுரப்பதால், நீண்ட நேரம் தீனியின்றி நிற்பது அதற்குப் புண்ணை உண்டாக்கக்கூடும். எனவே, “பசித்தால் தானாக வந்து கையில் தின்னும்” என்று பட்டினி போட்டுப் பழக்கும் பழைய வழக்கத்தை எந்த நிலையிலும் ஏற்பதற்கில்லை. ஒரு வாளி தானியத்தைக் காட்டினால் ஓடிவரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வாளியில் இருப்பது தின்னும் பொருள் என்பதே அதற்கு இன்னும் தெரியாது.

எல்லாவற்றையும்விடத் தேவையானது துணை. தனியாக நிற்கும் குதிரை பாதுகாப்பை உணர்வதே இல்லை. பக்கத்து அடைப்பில், பார்க்கவும் மூக்கை நீட்டி மோந்துகொள்ளவும் முடிகிற தூரத்தில், மனிதரைக் கண்டு அலட்டிக்கொள்ளாத வயதான மட்டக்குதிரை ஒன்று இருக்குமானால் நம் வேலையில் பாதி முடிந்தது என்றே சொல்லலாம். இது வெறும் அனுபவக் கூற்றுமில்லை. பிறந்து முதல் ஐந்து நாட்களில், குட்டியைத் தொடாமல் தாயை மட்டும் மென்மையாகத் தேய்த்துவிட்டாலே, அந்தக் குட்டிகள் பின்னாளில் மனிதரை எளிதாக நெருங்கவிடுகின்றன என்று 2005இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று காட்டியது. நம் குட்டிக்குத் தாய் இல்லை. ஆனால் பக்கத்து அடைப்பிலுள்ள மூத்த குதிரையை நீங்கள் தினமும் நிதானமாகத் தேய்த்துவிடும்போது, அந்தக் குட்டி உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது.

[காட்சி: குதிரைத் தலையின் மேலிருந்து பார்க்கும் வரைபடம். இரு கண்களின் பார்வைப் பரப்பு வண்ணமிட்டுக் காட்டப்படுகிறது.]

இனி நெருங்குதல். குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், தலையைத் திருப்பாமலேயே ஏறத்தாழ 350 பாகை அளவுக்கு அதனால் பார்க்க முடியும். விடுபட்டுப்போவது நேர் பின்புறமும், நெற்றிக்கு முன்னாலும் மூக்குக்குக் கீழுமாக உள்ள சிறு பகுதியும்தான். நாம் அன்பாக நினைத்து நெற்றியைத் தடவ நேராக நீட்டும் கை, தொடும் நேரத்தில் சரியாக அந்தப் பகுதிக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது. குட்டி தலையை வெடுக்கென்று உயர்த்துவது கையை வெறுத்து அல்ல. கை எங்கே போயிற்று என்று பார்க்கத்தான். ஆகவே, தோள்பட்டையை நோக்கி, சற்றே வளைந்த பாதையில், உடலைப் பக்கவாட்டில் திருப்பியபடி, குட்டியின் கண்ணை உற்றுப் பார்க்காமல் நடந்து செல்ல வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குட்டியின் உடல் மாறும். மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிடும், காதுகள் உங்கள் மேல் குத்திட்டு நிற்கும், மூக்குத்துளை விரியும், கழுத்து விறைக்கும். கால் இன்னும் நகரவில்லை. இந்தக் கணத்தைத் தவறவிடாமல் அறிவதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி. அங்கேயே நில்லுங்கள். மூச்சை அடக்காமல் மெதுவாக வெளியே விடுங்கள். கழுத்து சிறிதளவு தளர்ந்ததும், ஒரு காது வேறு பக்கம் திரும்பியதும், உடனே முதுகைத் திருப்பி இரண்டு மூன்று தப்படி விலகிச் செல்லுங்கள். நெருங்கியதைவிட விலகியதே குட்டிக்குக் கிடைக்கும் பரிசு. அதுவும் அது அமைதியானதற்கு உடனடியாக, ஓரிரு விநாடிக்குள் கிடைத்தாக வேண்டும். குட்டி ஓடியபிறகு நீங்கள் விலகினால், ஓடினால் மனிதன் போய்விடுவான் என்று அது கற்கும். தளர்ந்தபிறகு விலகினால், தளர்ந்து நின்றால் போதும் என்று கற்கும். வேறுபாடு ஒரு விநாடிதான்.

இவ்வளவு நுட்பமான அசைவுகள் குட்டிக்குப் புரியுமா என்று ஐயப்படுபவர்கள் பெர்லினில் வாழ்ந்த ஹான்ஸ் என்ற குதிரையை நினைத்துப் பார்க்கலாம். கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொன்ன அந்தக் குதிரையை 1904இல் ஒரு குழுவே வந்து பரிசோதித்தும் மோசடி எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னர் ஆஸ்கர் ப்ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் 1907இல் மர்மத்தை விளக்கினார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் சற்றே அசைந்தன. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. கணக்கு தெரியாவிட்டாலும் மனிதரைப் படிக்கத் தெரிந்திருந்தது. அவசரமாக வேலைக்குக் கிளம்பும் காலையில், மனத்துக்குள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நீங்கள் லாயத்துக்குள் நுழைந்தால் குட்டிக்கு அது தெரிந்துவிடும். அத்தகைய நாளில் புல்லைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவது உத்தமம்.

[காட்சி: முழங்கையைத் தளர்த்தி, புறங்கையை மெல்ல நீட்டும் ஒருவர். குட்டி மோந்து பார்க்கிறது.]

ஒருமுறைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் வரை, நாளுக்குப் பலமுறை என்று இந்த வருகைகளை வைத்துக்கொள்ளலாம். இடையே எதுவும் செய்யாமல், சாணத்தை அள்ளிக்கொண்டோ, ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டோ இருக்கும் நேரமும் வீண் இல்லை. ஒரு நாள் குட்டி தானாக மூக்கை நீட்டும். அப்போது கையை நகர்த்தாதீர்கள், மோந்து பார்க்கட்டும். முதல் தொடுதலை நாம் தொடங்கும்போது அது தோளிலோ, பிடரி முடியும் இடத்தில் கழுத்தும் முதுகும் கூடும் மேட்டிலோ அமைய வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிட்டுக்கொள்ளும் இடம் அதுதான். பிரான்சின் கமார்க் இனக் குதிரைகளிடம் செய்து 1993இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அந்த மேட்டருகே மனிதர் அவ்வாறே சொறிந்துவிட்டபோது, வளர்ந்தவை, குட்டிகள் ஆகிய இரண்டுக்குமே இதயத் துடிப்பு குறைந்தது. தட்டிக்கொடுப்பது மனிதப் பழக்கம். சொறிந்துகொடுப்பது குதிரைப் பழக்கம். மேலுதடு நீண்டு நெளியத் தொடங்கினால் சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று பொருள். அப்போதும், குட்டி போதும் என்று நகர்வதற்கு முன்னால் கையை நீங்களே எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று அது எண்ணும் இடத்தில் நிறுத்துவது, நாளைய வருகைக்கான அழைப்பைக் குட்டியிடமிருந்தே பெற்றுக்கொள்வதற்கு ஒப்பாகும்.

கையால் தின்பண்டம் கொடுத்துப் பழக்கலாமா என்பதில் குதிரை வளர்ப்போருக்குள் நீண்ட சர்ச்சை உண்டு. என் கருத்தில் இந்த வயதுக் குட்டிக்கு, குறிப்பாக ஆண் குட்டிக்கு, அது தேவையில்லை. சில வாரங்களில் அதே குட்டி சட்டைப் பையைக் கடிக்கும்போது அதற்காக அதைத் திட்டுவது நியாயமாக இராது.

இன்னொரு வழி இருக்கிறது. விரைவானது, அதனாலேயே கவர்ச்சியானது. மூலையில் ஒடுக்கி, இருவர் பிடித்துக்கொண்டு, திமிறுவது அடங்கும்வரை உடலெங்கும் தடவுவது. அரைமணியில் குட்டி அசையாமல் நின்றுவிடும், படமும் எடுத்துவிடலாம். ஆனால் அந்தக் குட்டியின் முகத்தைப் பாருங்கள். உதடு இறுகி, கண் எங்கோ நிலைத்து, காது எந்த ஒலிக்கும் திரும்பாமல் நிற்கும் விலங்கு அமைதியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தப்பிக்க வழியில்லை என்று முடிவுக்கு வந்திருக்கிறது. அவ்வாறு அடங்கிய குதிரை, பிடி தளர்ந்த இன்னொரு நாளில், யாரும் எதிர்பாராத நேரத்தில் வெடிக்கக்கூடும். வாயை அசைபோட்டு நாக்கைச் சுழற்றினால் குட்டி பணிந்துவிட்டது என்று பரவலாகச் சொல்லப்படுவதையும் அப்படியே ஏற்க வேண்டாம். இறுக்கம் கழியும்போது வரும் அசைவு அது. இறுக்கம் இருந்தது என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது.

[காட்சி: தோளில் தொங்கும் தலைக்கயிறு. அதைக் குட்டி மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.]

இரு பக்கமும் தொட்டுப் பழகியபின்னரே தலைக்கயிறு. ஒரு பக்கத்தில் பொறுத்துக்கொண்ட ஒன்றை மறுபக்கத்தில் புதிதாய்க் கண்டதுபோல் குட்டி மிரளலாம்; அங்கே பொறுமையோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கயிறு கழுத்தின் மேல் வழுக்கிச் செல்வதும், வளையம் மூக்கைத் தாண்டுவதும், காதின் பின்னால் கட்டு விழுவதும் தனித்தனிப் பாடங்கள். ஒவ்வொன்றையும் செய்தவுடனே கழற்றிக் காட்டுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் தலைக்கயிற்றை விட்டுவைக்கக் கூடாது. காதைச் சொறியத் தூக்கும் பின்னங்கால் குளம்பு அதற்குள் மாட்டிக்கொண்டால் விபரீதமாகும். நடக்கக் கற்பிக்கும்போதும் அதே விதிதான்: கயிற்றில் மெல்லிய இழுப்பு, குட்டி ஒரு கால் எடுத்துவைத்ததும் முழுத் தளர்வு. கட்டிப்போட்டு இழுபறி செய்தால் இளங்கழுத்தில் காயம் உண்டாகும்.

கால்நடை மருத்துவரை முதல் வாரத்திலேயே தொலைபேசியில் கலந்துகொள்ள வேண்டும். திறந்தவெளியில் வளர்ந்த குட்டியின் வயிற்றில் புழுக்கள் நிறைய இருக்கலாம். வீரியமான மருந்தை நாமாகக் கொடுத்தால், ஒரே நேரத்தில் இறந்த புழுக்களே குடலை அடைத்துவிடும் அபாயம் உண்டு என்பதால் மருந்தை அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊசி போடுவது, ஆண் குட்டிக்குக் காயடிப்பது போன்றவற்றின் காலத்தையும் அவரே சொல்வார். குளம்பு சீர்செய்பவர் வருவதற்குள், தோளிலிருந்து முழங்கால்வரை கை வழுக்கி இறங்குவதைக் குட்டி தாங்கக் கற்றிருந்தால் போதும். காலைத் தூக்கி அரை விநாடி வைத்திருந்து, அது பிடுங்குவதற்கு முன் இறக்கிவிடுவது அடுத்த படி.

பின்னடைவு வரும். மருத்துவர் வந்துபோன மறுநாள் குட்டி மறுபடி சுவரோடு ஒட்டி நிற்கும். அன்று, முதல் நாள் நின்ற தூரத்திலிருந்தே தொடங்குங்கள். முதன்முறை நாட்கணக்கில் எடுத்த பாதையை இம்முறை அது பெரும்பாலும் விரைவில் கடந்துவிடும்.

[காட்சி: லாயத்தின் மேற்புறத்திலிருந்து. வைக்கோலின் மேல் குட்டி பக்கவாட்டில் முழுதாகச் சாய்ந்து கிடக்கிறது.]

குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் கனவு காணும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். படுத்த குதிரை எழுந்து ஓடச் சில விநாடிகளாவது ஆகும் என்பதால், சுற்றுப்புறத்தை நம்பாத குட்டி முதல் இரவுகளில் படுப்பதைத் தவிர்க்கலாம், காலடி கேட்டதும் துள்ளி எழலாம். ஒரு காலையில் நீங்கள் புல்லோடு உள்ளே வரும்போது, அது படுத்தபடியே ஒரு காதை மட்டும் உங்கள் பக்கம் திருப்பிவிட்டு மீண்டும் கண்ணை மூடக்கூடும். அருகே போய்த் தடவிக்கொடுக்கக் கை துடிக்கும். புல்லை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமின்றிச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.